பாவித்த ஐபோனா, புது அன்ட்ரொயிட்டா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் போன் கடைகளில் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு இரண்டும் கிடைக்கின்றன, பழைய மொடல் பாவித்த ஐபோன் ஒன்று, பெட்டி உடைக்காத சாதாரண அன்ட்ரொயிட் ஒன்று. என்னைக் கேட்டால் வீட்டுப் பாவனைக்குப் புதுசுதான் சரி.

ஐபோனின் கமராவைக் குறை சொல்ல முடியாது, வருடக்கணக்கில் அப்டேட்டும் வருகிறது. ஆனால் பாவித்ததை வாங்கும்போது விற்கிறவரின் வாய்ச்சொல்லுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். செட்டிங்ஸில் பற்றரி ஹெல்த்தைத் திறந்து பாருங்கள், புதிதில் தாங்கியதில் பற்றரி இப்போது எத்தனை வீதம் தாங்கும் என்று அதில் இருக்கும். ஐபோன் 14 வரையான மொடல்களின் பற்றரி 500 முழுச் சார்ஜுக்குப் பிறகு 80 வீதம் தாங்கும் கணக்கில்தான் செய்யப்பட்டது, அப்படியிருக்க மூன்று நாலு வருடம் ஓடிய போனில் 100 என்று காட்டினால் பற்றரி மாற்றியிருப்பார்கள். அதைக் கடைக்காரர் கேட்காமலே சொன்னால் அவரை நம்பலாம், மழுப்பினால் எழும்பி வந்துவிடுங்கள். *#06# அடித்து வருகிற IMEI இலக்கம், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள இலக்கம், பெட்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

புதுசில் இந்தத் தலையிடி இல்லை. வாரண்டி இருக்கிறது, கமரா சுமார்தான், ரேம் குறைந்ததை எடுத்தால் கொஞ்ச நாளில் இழுக்கத் தொடங்கும், அதனால் அதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

2003இல் வந்த நோக்கியா 1100ஐ நினைத்தால் இரண்டின் மேலும் எனக்குக் கோபம்தான். பின்மூடியைக் கையாலே கழற்றிப் பற்றரியை நாமே மாற்றினோம், கரண்ட் போனால் டோர்ச்சும் அதுதான். இப்போது இரண்டையுமே பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள்.

கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்து உழைக்கிற பிள்ளை என்றால் மட்டும் ஐபோனுக்குப் போங்கள்.