நடுவர் மீது கை வைத்த மாணவன்: நீண்ட தடையா, கோட்டோரக் கொடியா?

பினாங்குப் பள்ளிக் கால்பந்தில் விசில் ஊதுபவர் பல நேரம் ஓர் ஆசிரியர்தான். அவரையே ஒரு மாணவன் அடித்தால்?

முதல் வழி, தடை. ஃபிஃபா ஒழுங்கு விதிப்படி நடுவரைத் தாக்கினால் குறைந்தது 15 ஆட்டங்கள் அல்லது தகுந்த காலம் தடை. நடுவருக்கு இதுதான் பாதுகாப்பு. இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் பள்ளிப் பருவம் குறுகியது. 15 ஆட்டம் என்றால் படிவம் ஐந்து மாணவனுக்குப் பள்ளி ஆட்டமே முடிந்தது. பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் புறப்பாடத்துக்கு (விளையாட்டு, சங்க நடவடிக்கைகள்) 10 விழுக்காடு உண்டு, அதுவும் குறையலாம்.

அடுத்தது, குறுகிய தடையோடு நடுவர் பயிற்சி. சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் அவன் கோட்டோரத் துணை நடுவராகக் கொடி பிடிக்கட்டும். ஆஃப்சைடு, அதாவது தாக்கும் வீரர் விதியை மீறி முன்னால் நிற்கிறாரா என்று பார்க்க, கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரருக்கு நேராக ஓட வேண்டும், அதே நொடியில் பந்து யார் காலில் இருந்து கிளம்புகிறது என்றும் பார்க்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் பெற்றோர் கத்துவார்கள். எந்த அறிவுரையும் இவ்வளவு சொல்லித் தராது. அடிபட்டவர் சம்மதிக்க வேண்டும், அது முக்கியம்.

சட்டையைப் பிடித்தான், தள்ளினான் என்றால் எனக்கு இரண்டாவது வழி சரி. குத்தினான் என்றால் முதலில் பருவம் முழுக்கத் தடை, கொடியெல்லாம் அப்புறம்.