ஃபுளோரைடு வார்னிஷ்: பல்லில் ஏறுவது மருந்தா, வெறும் பிசினா?

பல் சொத்தையைத் தடுக்கப் பல் மருத்துவமனைகளில் குழந்தைகளுக்குப் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ், மஞ்சள் கோந்து மாதிரி இருக்கும். பெரும்பாலானவற்றில் 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு, அதாவது 22,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபுளோரைடு என்ற அளவு). 1,000 பிபிஎம் பற்பசையைவிட 20 மடங்குக்கும் மேல். அளவைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பால் பற்கள் முழுவதற்கும் 0.25 மி.லி. போதும். அதுவும் ட்ரேயில் வைக்கும் ஃபுளோரைடு ஜெல்லைப் போலத் தொண்டைக்குள் வழியாமல் பல்லிலேயே ஒட்டிக்கொள்ளும். நெளிகிற குழந்தைக்கும் சில நிமிடங்களில் பூசிவிடலாம். இந்த விஷயத்தில் குறையே சொல்ல முடியாது.

குறை பூசுகிற கையில்தான். பாக்கெட்டில் பிசினோடு கலந்திருக்கும் மருந்து, அதாவது ஃபுளோரைடு, அடியில் படிந்துவிடும். பிரஷ்ஷால் நன்றாகக் கலக்காமல் மேலே தெளிந்ததைத் தொட்டுப் பூசினால் பல்லில் ஏறுவது பிசின்தான். முதலில் காஸ் துணியால் பல்லைத் துடைக்க வேண்டும். முற்றிலும் காய வேண்டியதில்லை. எச்சில் பட்டதும் வார்னிஷ் தானே இறுகும். மெல்லிய படலம் போதும். தடிமனாக அப்பினால் உரிந்து வரும், குழந்தைக்குக் குமட்டும்.

"அரை மணி நேரம் எதுவும் கொடுக்காதீர்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் உண்டு. அது போதாது. குறைந்தது 4 மணி நேரம் சூடானதும் கடினமானதும் வேண்டாம். பல் துலக்குவது மறுநாள் காலையில். அன்றிரவே தேய்த்தால் கொடுத்த காசும் படலத்தோடு போகும்.

ஈறோரம் சுண்ணாம்பு போல வெளுத்த திட்டுகள் இருக்கும் கட்டத்தில்தான் இதற்கு நல்ல பலன். குழி விழுந்துவிட்டால் இது அடைக்காது. கடைவாய்ப் பல்லின் ஆழமான பள்ளங்களுக்கு, அவற்றை மூடிவிடும் பூச்சான சீலண்ட்தான் சரி. வாயில் அமிலம் கூடி, பிஹெச் (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) சுமார் 5.5-க்குக் கீழே போனால், பல்லின் மேல்படலமான எனாமல் கரையத் தொடங்கும். நாள் முழுக்கப் பழச்சாற்றை உறிஞ்சும் குழந்தைக்கு எத்தனை முறை பூசினாலும் தேய்மானம் நிற்காது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பதால் வரும் தேய்மானத்துக்கு இது மருந்தே அல்ல.

பல வார்னிஷ்களில் பைன் மரப்பிசின் உண்டு. பிசின் ஒவ்வாமை, கடும் ஆஸ்துமா, வாய்ப்புண் இருந்தால் பூசும் முன்பே சொல்லிவிடுங்கள். வழக்கமாக 6 மாதத்துக்கு ஒருமுறை. சொத்தை அடிக்கடி வரும் பிள்ளைக்கு 3 மாதம். தினசரிப் பற்பசையை இதைக் காட்டி நிறுத்தக் கூடாது.

மஞ்சள் நிறம் பல் துலக்கியதும் போய்விடும். பிள்ளை கண்ணாடியைப் பார்த்து அழும் என்றால், வெள்ளை வகையும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.