பழைய திரவ ஃபியூஸ் ஒன்று வாங்கினேன்: ஸ்பிரிங்குக்கு ஃபுல் மார்க், உள்ளே ஊற்றிய சரக்குக்கு முட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை யாரும் லைனில் மாட்டுவதற்காக வாங்கப் போவதில்லை. சிகாகோவின் எஸ் அண்ட் சி கம்பெனி ஒரு காலத்தில் செய்து விற்ற திரவ ஃபியூஸ், உயரழுத்த மின்சுற்றுக்கானது, கண்ணாடிக் குழாய்க்குள் ஸ்பிரிங் வைத்தது. இப்போது பழைய பீங்கான் இன்சுலேட்டர் சேர்க்கிறவர்களின் சந்தையிலும், ஓய்வு பெற்ற சப்ஸ்டேஷன் ஆட்களின் கராஜ் விற்பனையிலும்தான் கண்ணில் படும். மின்சுற்றைக் காக்கும் ரிலே, பிரேக்கர், ஃபியூஸ் என்று நாள் முழுக்க இதிலேயே கிடப்பவன் என்பதால் ஒன்று வாங்கி மேஜை மேல் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பற்றியே கேட்கிறார்கள், ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. சுருக்கம் வேண்டுபவர்களுக்கு: வேலைப்பாடு அருமை, உள்ளே இருக்கும் திரவம் விஷம், வாங்குவதானால் காலியானதை மட்டும் வாங்குங்கள்.

நம்மூரில் ஈ.ஈ.ஈ. (மின் பொறியியல்) படித்தவர்களுக்கு இது புதுசு இல்லை. சுவிட்ச்கியர் (சுவிட்ச், பிரேக்கர், ஃபியூஸ் பற்றிய) பாடத்தில், உயரழுத்த ஃபியூஸில் கார்ட்ரிட்ஜ் வகை, திரவ வகை என்று இரண்டு பத்தி வரும், கூடவே உயிரே இல்லாத ஒரு கோட்டுப்படம். 100 ஆம்பியர் வரை, 132 கே.வி. (கிலோ வோல்ட்) வரை, துண்டிக்கும் திறன், அதாவது அதிகபட்சம் நிறுத்தக்கூடிய மின்சாரம், 6100 ஆம்பியர் என்று உருப்போட்டு, பரீட்சையில் கக்கிவிட்டு, அன்றைக்கே மறந்திருப்போம். அந்தப் படத்தில் இருப்பது இந்தச் சாமான்தான். ஆனால் ஏன் ஸ்பிரிங், ஏன் கண்ணாடி, எதற்குத் திரவம் என்று அந்த இரண்டு பத்தியில் யாரும் சொல்லித் தரவில்லை.

வீட்டு ஃபியூஸில் கம்பி உருகினால் மின்சாரம் நின்றுவிடும், அவ்வளவுதான். 33,000 வோல்ட்டில் அப்படி இல்லை. கம்பி உருகி ஆவியான இடத்தில் ஆர்க், அதாவது இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்தீ, பிடித்துக்கொள்ளும். அந்த ஆவியும் சுற்றியிருக்கும் காற்றும் சூட்டில் அயனியாகி, கம்பி செய்த வேலையை அதுவே செய்ய ஆரம்பித்துவிடும். நல்லவேளையாக மாறுமின்சாரம் அரைச் சுழற்சிக்கு ஒரு தடவை பூஜ்யத்துக்கு வரும், அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் வினாடிக்கு 120 தடவை. அந்தக் கணத்தில் ஆர்க் தானாக அணைகிறது. அணைந்த மறு நொடிக்குள், நொடி என்பது கூட அதிகம், மைக்ரோ செகண்டுகளில், லைனின் அழுத்தம் அந்த இடைவெளி மேல் மறுபடி ஏறும். இடைவெளி அதற்குள் குளிர்ந்து காப்புத் தன்மை பெற்றிருந்தால் தப்பித்தோம், இல்லாவிட்டால் ஆர்க் திரும்பப் பற்றி அடுத்த பூஜ்யம் வரை எரியும். ஆக உயரழுத்த ஃபியூஸ் வடிவமைப்பு என்பது உருக்குவது பற்றியதே இல்லை, உருக்குவதை எந்தக் கம்பியும் செய்யும். உருகிய பிறகு இடைவெளியை எவ்வளவு சீக்கிரம் நீளமாக்குகிறாய், எவ்வளவு சீக்கிரம் குளிர வைக்கிறாய், அதுதான் மொத்த விஷயமும்.

சரி, பொருளுக்கு வருவோம்.

ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், கெட்டிக் கண்ணாடி, இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி. இந்தத் தொப்பிகள்தான் இன்சுலேட்டர் மேல் இருக்கும் கிளிப்பில் போய் உட்காரும். என்னிடம் இருப்பது ஏற்கெனவே எரிந்தது, உள்ளே சொட்டுத் திரவம் இல்லை. லேபிளில் வோல்டேஜ் எண் பாதி அழிந்துவிட்டது, ஆம்பியர் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. குழாயின் மேல் பாதி வெறுமையாக, உள்சுவரில் லேசான புகைக் கறையோடு இருக்கிறது, கீழ்ப் பாதியில் ஸ்பிரிங் சுருங்கி அட்டைப்பூச்சியைப் போலக் கிடக்கிறது. எரியாத ஃபியூஸில் இதே ஸ்பிரிங் குழாயின் முக்கால்வாசி நீளத்துக்கு இழுபட்டு விறைப்பாக நிற்கும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் லைன்மேனுக்கு எது போனது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை, ஸ்பிரிங் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். இண்டிகேட்டர் விளக்கு, கொடி, எதுவும் தனியாக வைக்காமல், வேலை செய்யும் பாகமே செய்தியும் சொல்கிறது. இதற்கே நான் முதல் மார்க் போட்டுவிட்டேன்.

இப்போது ஸ்பிரிங்கின் மேல் முனையைப் பாருங்கள். உருகும் கம்பி என்பது இழுவிசை அதிகம் தாங்காத மெல்லிய உலோகம், அதை இழுபட்ட ஸ்பிரிங்கோடு நேரடியாகக் கட்டினால் நாளடைவில் தானே நீண்டு, மெலிந்து, லைனில் ஒரு கோளாறும் இல்லாத நாளில் அறுந்து தொலைக்கும். அதனால் பக்கத்திலேயே இணையாக இன்னொரு கம்பி, மிக மெல்லியது ஆனால் இழுவிசை தாங்கும் வலுவான உலோகம். அதன் மின்தடை அதிகம் என்பதால் சாதாரண நாளில் அதில் மின்சாரம் பெயருக்குத்தான் போகும், அது வெறும் பாரம் தாங்குகிற கம்பி. ஷார்ட் சர்க்யூட் வந்து உருகும் கம்பி போனதும் மொத்த மின்சாரமும் இந்த ஒல்லிக்கம்பி மேல் பாயும், அது கண நேரத்தில் ஆவி, ஸ்பிரிங் விடுபட்டுவிடும். தாங்குவதற்கு ஒன்று, உருகுவதற்கு ஒன்று என்று வேலையைப் பிரித்தவர் கெட்டிக்காரர். நான் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் டீ ஆறிவிடுகிறது.

அடுத்து ஸ்பிரிங்குக்கு நடுவில் ஒரு பின்னல் செம்புக் கேபிள். இது எதற்கு என்றால், ஸ்பிரிங் வழியாகவே மின்சாரத்தை விட்டால் அது சூடாகி விறைப்பை இழக்கும், தேவைப்படும் நாளில் தொளதொளவென்று நிற்கும். கேபிள் மின்சாரத்தைச் சுமக்கிறது, ஸ்பிரிங் காத்திருக்கும் வேலையை மட்டும் செய்கிறது, பல வருஷம்.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த பாகம். ஸ்பிரிங்கின் தலைமாட்டில் பிஸ்டன் போல ஒரு அடைப்பு, நடுவில் துளையோடு. ஸ்பிரிங் கீழே பாயும்போது இந்த அடைப்பும் திரவத்தைப் பிளந்துகொண்டு கீழே வரும். கீழே இருக்கும் திரவம் வேறு வழியில்லாமல் அந்தத் துளை வழியாக மேலே பீறிடும், ஆர்க் இருப்பதும் அதே துளையின் வழியில். ஆர்க்கை இழுத்து நீட்டுவது, திரவத்துக்குள் முக்குவது, திரவத்தை ஆர்க் மேலேயே பீய்ச்சுவது, மூன்றும் ஒரே ஒரு அசைவில். பம்ப் இல்லை, வால்வு இல்லை, வெளியிலிருந்து ஒரு மின்சப்ளை இல்லை. இன்றைக்கு இதே காரியத்துக்கு பேட்டரி, ரிலே, பிரேக்கரைத் தட்டிவிடும் டிரிப் காயில் என்று ஒரு ஊர்வலமே வேண்டியிருக்கிறது (அது இன்னும் நிறைய செய்கிறது என்பது வேறு விஷயம்). பெரிய மின்சாரமாக இருந்தால் உள்ளே வாயு அழுத்தம் எகிறும், கண்ணாடி சிதறாமல் இருக்க மேல் தொப்பியின் மூடி பிய்த்துக்கொண்டு போகும்படி வைத்திருக்கிறார்கள். என்னுடையதில் அந்த மூடி இல்லை. புகைக் கறையையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல அடியாகத்தான் வாங்கியிருக்கிறது.

இதை உருவாக்கியவர்கள் எட்மண்ட் ஷ்வைட்சர், நிக்கோலஸ் கான்ராட் என்ற இருவர், சிகாகோவின் மின் கம்பெனியான காமன்வெல்த் எடிசனில் வேலை பார்த்தவர்கள், வருஷம் 1909. அந்த ஊரின் ஃபிஸ்க் தெரு மின் நிலையத்தில் 1903லேயே 5 மெகாவாட் நீராவி டர்பைன் ஓட ஆரம்பித்துவிட்டது, அந்தக் காலத்துக்கு அது ராட்சதம். பின்னால் இருக்கும் ஜெனரேட்டர் பெரிதாகப் பெரிதாக ஷார்ட் சர்க்யூட்டில் பாயும் மின்சாரமும் பெருகும், அதுவரை தாக்குப்பிடித்த ஃபியூஸ் எல்லாம் வெடிக்கிற குண்டாக மாறும். இருவரும் 1911ல் தனிக் கம்பெனி தொடங்கினார்கள், எஸ் அண்ட் சி என்பது இந்த இரண்டு பெயர்தான். ஷ்வைட்சரின் பேரன், அதே பெயர் கொண்ட இன்னொரு எட்மண்ட் ஷ்வைட்சர்தான், பின்னால் எஸ்.ஈ.எல். என்ற ரிலே கம்பெனியைத் தொடங்கி 1984ல் டிஜிட்டல் ரிலே கொண்டுவந்தவர். தாத்தா கண்ணாடிக் குழாய், பேரன் மைக்ரோபிராசசர், குடும்பத் தொழிலே ஷார்ட் சர்க்யூட்டோடு மல்லுக்கட்டுவதுதான் போல.

இனி திரவம். கார்பன் டெட்ராகுளோரைடு. காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான திரவம் கிடையாது. எரியாது, தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி, நல்ல மின்காப்பு, சுமார் 77 டிகிரியில் கொதித்துவிடும் என்பதால் ஆர்க் பட்டவுடன் ஆவியாகி அதன் சூட்டை உறிஞ்சும். அன்றைக்கு இதை யாரும் பயத்தோடு பார்க்கவில்லை, கையால் அடிக்கும் தீயணைப்புக் குடுவையில் இதுதான், துணி உலர்சலவையிலும் இதுதான். ஆனால் கல்லீரலை அரித்துவிடும். மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும், தோல் வழியாகவும் போகும். காற்றோடு சூட்டில் சேர்ந்தால் பாஸ்ஜீன் உண்டாகும், முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. யோசித்துப் பாருங்கள், ஆயிரக்கணக்கான டிகிரி ஆர்க்கை இந்தத் திரவத்துக்குள் முக்கி, வரும் வாயுவை மூடியைப் பிய்த்துக்கொண்டு வெளியே விடுகிறோம். வெட்டவெளிக் கம்பத்தின் மேல் சரி, மூடிய சுவிட்ச் அறைக்குள் என்றால் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். போதாக்குறைக்கு ஓசோனையும் அழிக்கும். 1990ல் லண்டனில் மாண்ட்ரியல் உடன்படிக்கையைத் திருத்தியபோது இதையும் தடைப் பட்டியலில் ஏற்றினார்கள்.

குறை இதோடு முடியவில்லை. நிமிர்த்தி வைத்தால்தான் வேலை செய்யும், படுக்கப் போட்டால் ஆர்க் ஒரு பக்கம், திரவம் ஒரு பக்கம். சீல் இளகினால் திரவம் கசிந்து மட்டம் இறங்கும், அந்த நிலையில் ஷார்ட் வந்தால் ஸ்பிரிங் வெறும் ஆவிக்குள் ஆர்க்கை இழுத்துக்கொண்டு போகும். கண்ணாடி என்பதால் மட்டம் கண்ணுக்குத் தெரியும் என்பது ஒரு ஆறுதல், ஆனால் யாராவது போய்ப் பார்க்க வேண்டுமே. எல்லாவற்றையும்விட முக்கியமானது, இது மின்சாரத்தின் உச்சத்தைக் குறைக்காது, பூஜ்யம் வரும்வரை காத்திருக்கிற ரகம். குவார்ட்ஸ் மணலுக்குள் வெள்ளிப் பட்டை வைத்த ஃபியூஸ் அப்படி இல்லை, மின்சாரம் உச்சிக்கு ஏறும் முன்பே நெரித்துவிடும், உருகிய மணல் கண்ணாடிக் கட்டியாக உறைந்து உள்ளேயே கிடக்கும், வெளியே சத்தமும் இல்லை புகையும் இல்லை. அந்த 6100 ஆம்பியர் கணக்கையும் இன்றைய நிலவரத்தோடு வைத்துப் பாருங்கள், பெரிய சப்ஸ்டேஷனில் லைன்கள் எல்லாம் வந்து சேரும் பஸ்பாரில் 40,000 ஆம்பியர் ஷார்ட் சர்க்யூட் என்பது சர்வ சாதாரணம்.

அதற்காக வடிவமைப்பே தோற்றது என்று சொல்லமாட்டேன். பின்னால் வந்த போரிக் அமில ஃபியூஸைத் திறந்து பார்த்தால் ஸ்பிரிங் அப்படியே இருக்கிறது, தாங்கும் கம்பி அப்படியே இருக்கிறது. திரவத்துக்குப் பதில் போரிக் அமிலத்தை அழுத்திச் செய்த துளைக்குள் ஆர்க்கை இழுக்கிறார்கள், சூட்டில் அது நீராவியை விட்டு ஆர்க்கை அணைக்கிறது. விஷம் இல்லை, கசிவு இல்லை. மாற வேண்டியது மட்டும் மாறியிருக்கிறது. எஸ் அண்ட் சி இன்றும் அந்த வழிவந்த ஃபியூஸ்களை விற்கிறது, அதனால்தான் பாராட்டெல்லாம் ஸ்பிரிங்குக்குப் போகட்டும் என்கிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு: எனக்கு விற்றவர் இரண்டு வைத்திருந்தார், ஒன்று எரிந்தது, இன்னொன்று திரவத்தோடு புத்தம் புதிதாக, ஸ்பிரிங் விறைப்பாக, பார்க்க அவ்வளவு அழகு. "உள்ளே ஏதோ எண்ணெய்தான்" என்றார். எண்ணெய் இல்லை என்று விளக்கியதும் அவர் முகம் மாறி, அதை அட்டைப் பெட்டிக்குள் போட்டுத் தள்ளி வைத்தார். எரிந்ததை 40 டாலருக்குக் கொடுத்தார், நியாயமான விலை. திரவத்தோடு கிடைத்தால் இலவசம் என்றாலும் தொடாதீர்கள். தபாலில் வரவழைக்கவே கூடாது, உடைந்தால் கூரியர்காரர் கதி என்ன. ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவர்கள் சிங்க்கில் ஊற்றிக் காலி செய்யலாம் என்று நினைக்க வேண்டாம், உங்கள் ஊரில் ஆபத்தான கழிவு வாங்கும் இடம் எது என்று விசாரித்து, நிமிர்ந்தபடியே கொண்டுபோய்க் கொடுங்கள். இதில் பல்பு மாட்டி மேஜை விளக்கு செய்ய ஆசைப்பட்டு, நிறைந்த குழாயின் தொப்பியைத் துளை போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. போடாதீர்கள், துளைக்கும் சூட்டில் ஆவி வரும், இழுபட்ட ஸ்பிரிங் வேறு உள்ளே காத்துக்கொண்டிருக்கிறது.