பைத்தானும் பில் எண்ணும்: கணக்குப் பிரிவில் ஒரு பயன்பாட்டு அனுபவம்

வேறொரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கும் நண்பர், மாதாந்திர ஜிஎஸ்டி ஒப்பீட்டுக்காக, அதாவது நம் கொள்முதல் பில்களை ஜிஎஸ்டி தளத்தின் பட்டியலோடு ஒத்துப்பார்ப்பதற்காக, பைத்தான் நிரல்மொழியைக் கற்கலாமா என்று கேட்டிருக்கிறார். சில ஆண்டுகளாக அதே வேலைக்குப் பைத்தானையும் அட்டவணைத் தரவுகளைக் கையாளும் அதன் பாண்டாஸ் நூலகத்தையும் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஒப்பீடு செய்வதில் பைத்தானிடம் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. விற்பனையாளர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி மாதந்தோறும் 14ஆம் தேதி வந்துவிடும். 20ஆம் தேதிக்குள் நம் மாதாந்திர வரிப் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்தாக வேண்டும். அந்த இடைவெளியில் கொள்முதல் பதிவேட்டையும் 2பியையும் ஜிஎஸ்டிஐஎன் (விற்பனையாளரின் ஜிஎஸ்டி பதிவு எண்), பில் எண் ஆகிய இரண்டையும் வைத்து இணைத்தால், ஒவ்வொரு பில்லும் இரு பக்கமும் இருக்கிறதா, நம்மிடம் மட்டும் இருக்கிறதா, 2பியில் மட்டும் இருக்கிறதா என்பதைத் தனி நெடுவரிசையாகவே பாண்டாஸ் காட்டிவிடுகிறது. உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியை நம் வரியில் கழித்துக்கொள்ளும் தொகை) எந்த விற்பனையாளரிடம் சிக்கியிருக்கிறது என்று தேடி அலைய வேண்டியதில்லை. முதன்முறை அந்தப் பட்டியலைக் கண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

என் பொறுமையைச் சோதிப்பது பில் எண்தான். பில் எண் 16 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும், இடைக்கோடும் சாய்கோடும் வரலாம் என்பது ஜிஎஸ்டி விதி. ஆகவே 5-12 என்பது முறையான பில் எண். பதிவேட்டின் சிஎஸ்வி கோப்பை (வெறும் எழுத்தாக இருக்கும் அட்டவணைக் கோப்பு) யாராவது எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்து சேமித்தால், அது டிசம்பர் 5 ஆகிவிடுகிறது. ஆண்டு எழுதப்படாததால் நடப்பு ஆண்டும் ஒட்டிக்கொள்கிறது. எக்செல் தேதியை நாள் எண்ணிக்கையாகவே வைத்திருப்பதால், 2024இல் திறந்திருந்தால் உள்ளே இருக்கும் எண் 45631, 2025இல் திறந்திருந்தால் 45996. அமெரிக்கத் தேதி முறை அமைந்த கணினியிலோ அதே பில் மே 12 ஆகிறது. 0045 என்ற எண் 45 ஆகச் சுருங்குவதையாவது சரிசெய்யலாம், இதை எப்படி மீட்பது? எல்லா நெடுவரிசைகளையும் எழுத்தாகவே படிக்கும்படி பாண்டாஸுக்குச் சொல்ல முடியும். ஆனால் அதன் கைக்கு வருவதற்கு முன்பே மாறிவிட்ட மதிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்? இல்லாத பில்லைத் தேடி விற்பனையாளரிடம் நாம்தான் தொலைபேசியில் மன்றாட வேண்டியிருக்கிறது.

இதே தானியங்கி மாற்றத்தால் 2020இல் சில மனித மரபணுக்களின் பெயர்களையே மாற்ற நேர்ந்தது. மார்ச்1 என்ற மரபணுவின் பெயர் மார்ச்எஃப்1 ஆனது. பின்னர் 2023இல் எக்செல்லில் இம்மாற்றத்தை நிறுத்தும் தெரிவுகள் வந்தன என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். முன்னால் உள்ள பூஜ்ஜியங்களைக் காக்க அவை உதவுகின்றன, 5-12க்கு உதவவில்லை.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், நண்பருக்கு இம்மாதம் என் பதில் பைத்தான் அல்ல, எக்செல்லின் தரவு இணைப்புக் கருவியான பவர் குவெரி. எக்செல் 2016 முதல் அது உள்ளேயே இருக்கிறது. சிஎஸ்வியை நேரடியாகப் படிக்கிறது. நான் விடுப்பில் இருந்தாலும் அடுத்த மேசையில் இருப்பவர் ரெஃப்ரெஷ் பொத்தானை அழுத்தி வேலையை முடித்துவிடலாம், என் நிரலை அவரால் தொட முடியாது. கோப்பை இணைத்தவுடன் தானாகச் சேரும், தரவு வகையை ஊகித்து மாற்றும் 'சேஞ்ச்டு டைப்' படியை மட்டும் முதலில் நீக்கிவிடுங்கள். பதிவேட்டை யாரும் இருமுறை சொடுக்கித் திறக்காத அலுவலகமாக உங்களுடையது மாறிய பிறகு பைத்தானைத் தொடங்கலாம்.