மூடுபனிக்குள் அக்வா: மீட்டர் விளக்குகளோடு ஏழு வருடம்

2016-ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா, பெற்றோல் எஞ்சினும் பெற்றரி மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் வண்டி, 2019-ல் வாங்கியது. வாங்கும்போது 48,000 கிலோமீற்றர், இப்போது 1,31,000-ஐத் தாண்டிவிட்டது. இரண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டு மாற்றுவோம் என்றுதான் எடுத்தேன். 2020-ல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதற்குள் இந்த வண்டியின் ஒவ்வொரு சத்தமும் எனக்குப் பழகிவிட்டது. வீடு லிந்துலைப் பக்கம். தினமும் ஹட்டனுக்கு வேலைக்கு. மாதம் ஒரு தடவை அம்மாவை ஏற்றிக்கொண்டு, நுவரெலியாவில் அக்காவையும் கூட்டிக்கொண்டு, இறம்பொடை, கம்பளை வழியாகக் கண்டி ஆஸ்பத்திரிக்கு.

பெற்றோல் எவ்வளவு குடிக்கும், பாட்ஸ் கிடைக்குமா என்பதையெல்லாம் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல நினைப்பது விளக்குகளைப் பற்றி: வெளியே எரிபவை, மீட்டரில் எரிபவை இரண்டும். இந்த வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காசு கொடுத்ததே முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமராவும் லேசரும் இருக்கிறது, தானாகப் பிரேக் பிடிக்கும் என்பதற்காகத்தான். ஏழு வருடம் ஓட்டிய பிறகு சொல்கிறேன், எங்கள் ஊர் மிஸ்டில் முதலில் கண்ணை மூடிக்கொள்வது அந்தக் கேமராதான். என்னைக் காப்பாற்றியது மீட்டர் மூலையில் எரியும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கும், பின்னால் எரிய வேண்டிய டெயில் லைட்டும்.

முதலில் மொழிப் பிரச்சினை. திரையில் வருவதெல்லாம் ஜப்பான் எழுத்து. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு பெண் குரல் ஏதோ சொல்லும், முதல் வாரம் முழுக்க வண்டியில் ஏதோ கோளாறு என்று பயந்துகொண்டிருந்தேன். ஜப்பானில் அதிவேகப் பாதையில் கட்டணம் கட்டும் கருவிக்குள் அட்டை போடவில்லை என்றுதான் அந்தக் குரல் சொல்கிறதாம், நமக்கு அது தேவையே இல்லை, கருவியின் வயரைக் கழற்றினால் சரி. ஆனால் விளக்குகளுக்கு மொழி இல்லை. அந்தப் படங்கள் ஐ.எஸ்.ஓ. 2575 என்ற சர்வதேசத் தரத்தில் வருபவை, எந்த நாட்டு வண்டியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நிறத்தைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். சிவப்பு என்றால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு, பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று வேலை செய்துகொண்டிருக்கிறது என்ற தகவல். ஒரே விளக்கு மின்னுவதும் நின்று எரிவதும் வேறு வேறு அர்த்தம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு நின்று எரிந்தால் மெதுவாகக் கராஜ் வரை போகலாம். மின்னினால் எஞ்சின் சரியாக எரியாமல் மிஸ் ஆகிறது என்று அர்த்தம், அதோடு மலை ஏறினால் சைலன்சர் குழாயில் இருக்கும் கட்டலிட்டிக் கன்வர்டர் சூடேறிப் பாழாகிவிடும்.

சரி, டெயில் லைட்டுக்கு வருகிறேன். வாங்கிய முதல் வருடம், காலை பத்து மணி இருக்கும், நானுஓயா தாண்டி ஏறிக்கொண்டிருந்தேன், பத்து மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாத மிஸ்ட். ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தியபோது பின்னால் வந்த ஆட்டோக்காரத் தம்பி இறங்கி வந்து, "அண்ணே, உங்க வண்டிக்குப் பின்னால ஒரு லைட்டும் எரியல. கிட்ட வந்த பிறகுதான் வண்டின்னே தெரிஞ்சுது" என்றான். எனக்கு நம்ப முடியவில்லை, மீட்டர் பளிச்சென்று எரிகிறதே, லைட் சுவிட்சும் தானாக எரியும் 'ஓட்டோ' நிலையில்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அங்கேதான் விஷயம். பழைய வண்டிகளில் பார்க் லைட்டைப் போட்டால்தான் மீட்டருக்கு வெளிச்சம் வரும், அதனால் லைட் போடாமல் ஓட்டினால் நமக்கே தெரிந்துவிடும். அக்வாவைப் போன்ற டிஜிட்டல் மீட்டர்கள் எப்போதும் எரியும். அதோடு, ஓட்டோ சுவிட்ச் பார்ப்பது இருட்டை, மூடுபனியை அல்ல. பகல் மிஸ்ட் வெள்ளை வெளிச்சம், எனவே அந்த சென்சாருக்கு அது நல்ல பகல்தான், லைட்டைப் போடாது. பின்னால் வரும் பஸ்ஸுக்கு நாம் இருப்பதே தெரியாது. அன்றிலிருந்து ஹட்டன் பக்கம் மழை இருட்டினாலே, நானுஓயாவில் வெள்ளை இறங்கினாலே, சுவிட்சைக் கையால் திருப்பி டிம்மில், அதாவது ஹெட்லைட்டின் தாழ்ந்த வெளிச்சத்தில், போட்டுவிடுகிறேன். புது வண்டிகளில் பகலில் முன்பக்கம் மட்டும் எரியும் வெள்ளை விளக்கை வைத்தும் ஏமாற வேண்டாம், பல வண்டிகளில் அது எரியும்போது பின்பக்கம் இருட்டாகவே இருக்கும்.

இன்னொரு பழக்கம், மிஸ்ட் என்றதும் டபுள் சிக்னலைப் போட்டுக்கொண்டே ஓட்டுவது. எங்கள் பாதைகளில் பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள், நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான்கு சிக்னலும் மின்னும்போது நீங்கள் ரதல்லப் பக்கம் திரும்பப் போகிறீர்களா, நேரே போகிறீர்களா, நடுப்பாதையில் நின்றுவிட்டீர்களா என்று பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்? டபுள் சிக்னல் நின்றுவிட்ட வண்டிக்கு. ஓடுகிற வண்டிக்கு டிம் லைட்டும் ஃபொக் லைட்டும் போதும். ஹை பீமைப் போட்டால் பனித்துளிகளில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும், முன்னால் வெள்ளைச் சீலையைப் பிடித்தது போல ஆகிவிடும். மீட்டரில் ஃபொக் லைட் படத்தில் கதிர்களை ஒரு நெளிகோடு வெட்டும். முன்பக்கத்துக்குப் பச்சை, பின்பக்கத்துக்கு மஞ்சள். என் வண்டியில் பின் ஃபொக் இல்லை. இருப்பவர்கள் மிஸ்ட் விலகியதும் அணைத்துவிடுங்கள், பின்னால் வருபவருக்கு அந்தச் சிவப்பு கண்ணைக் குத்தும், பிரேக் லைட்டும் அதில் மறைந்துவிடும்.

ஹெட்லைட்டில் இருந்த ஹாலஜன் பல்பின் மஞ்சள் வெளிச்சம் பிடிக்காமல் ஒரு கடையில் வெள்ளை எல்.ஈ.டி. பல்பு வாங்கிப் போட்டேன். ஒரு மாதம்தான். ஹாலஜனுக்கு என்று செய்த கிண்ணத்தில் இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் வெளிச்சம் பாதைக்குப் போகும், எல்.ஈ.டி. அந்த இடத்தில் சரியாக உட்காராவிட்டால் எல்லாப் பக்கமும் சிதறும். எதிரே வந்த கொழுந்து லொறிக்காரர்கள் எல்லோரும் லைட் அடித்துக் காட்டினார்கள். பழைய பல்பையே மாட்டிவிட்டேன். ஜப்பானிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் டிம் வெளிச்சம் இடது ஓரத்தில் கொஞ்சம் உயர்ந்து, பள்ளத்தின் விளிம்பையும் ஓரத்தில் நடந்து போகிறவர்களையும் காட்டும்படி செய்திருக்கிறார்கள், நமக்கு அது அப்படியே பொருந்தும். ஸ்டியரிங் பக்கத்தில் எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், பல பேர் தொட்டதே இல்லை. பின்னால் மூன்று பேரும் மரக்கறி மூட்டையும் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கி, டிம்மும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அந்த நேரம் அந்தச் சக்கரத்தைத் திருப்பினால் வெளிச்சம் கீழே இறங்கும்.

இறக்கத்துக்கு வருவோம், இதுதான் எனக்கு முக்கியம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர், கம்பளை 500-ஐ ஒட்டி. அவ்வளவு உயரத்தையும் இறம்பொடை வளைவுகளில் இறக்கித் தீர்க்க வேண்டும். அக்வாவின் கியரில் வழக்கமாக ஓட்டும் டி-க்குக் கீழே பி என்று இருப்பது இதற்குத்தான், அதில் போட்டால் எஞ்சின் பிடித்து இழுக்கும். இறக்கத்தில் பெற்றரி நிரம்பிக்கொண்டே வந்து, மீட்டரில் அதன் எட்டுக் கட்டமும் நிறைந்த பிறகு, எஞ்சின் திடீரென்று உறுமத் தொடங்கும். முதல் தடவை அக்கா பயந்து நிறுத்தச் சொன்னாள். அது கோளாறு இல்லை, பெற்றரிக்குள் போட இடமில்லாத சக்தியை எஞ்சினைச் சுழற்றிச் செலவழிக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு காலால் பிடிக்கிற ஒவ்வொரு பிரேக்கும் முழுக்கச் சக்கரத்தில் உரசும் பிரேக் பேட்டுக்குத்தான் போகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அப்புறம், பி-யில் வேகம் குறையும்போது பின்னால் பிரேக் லைட் எரியாது. லொறி ஒட்டிக்கொண்டு வந்தால் பிரேக்கை இலேசாகத் தொட்டு லைட்டைக் காட்டிவிட்டுத்தான் நான் வேகம் குறைப்பேன்.

மூன்றாவது வருடம் இதே இறக்கத்தில், வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. மூக்கு கீழே குனிந்தால் எரியும், சமதரைக்கு வந்தால் அணையும். ஹேண்ட் பிரேக் இறக்கித்தான் இருந்தது. ஒரு கராஜில் காட்டினேன், "பிரேக் ஒயில் கொஞ்சம் குறைஞ்சிருக்கு சேர், அவ்வளவுதான்" என்று ஊற்றி நிரப்பினார்கள், விளக்கும் போய்விட்டது. மூன்று மாதம் கழித்து முன் சக்கரத்தில் இரும்போடு இரும்பு தேயும் சத்தம். பேட் முழுக்கத் தேய்ந்து டிஸ்க்கிலும் கோடு விழுந்திருந்தது, டிஸ்க் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று. இன்னொரு மெக்கானிக்தான் பொறுமையாக விளக்கினார்: பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஒயில் கீழே இறங்கும், டப்பாவில் மட்டம் குறையும். இறக்கத்தில் ஒயில் ஒரு பக்கம் சாயும்போது மிதவை தாழ்ந்து விளக்கு எரிகிறது. எங்கும் கசிவில்லாமல் ஒயில் குறைந்தால் முதலில் பேட்டைப் பார்க்க வேண்டும், ஒயிலை ஊற்றினால் விளக்கின் வாயை அடைத்தது போல. 2025 மே 11-ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்துபோனது இதே பாதையில்தான். அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் என் கண் தானாக அந்தச் சிவப்பு வட்டத்துக்குப் போகிறது.

பிரேக் ஒயிலையும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுக்க மாற்றுகிறேன். டொட் 3 என்ற வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகு அந்த அளவு 140 வரை இறங்கிவிடலாம். எங்கள் ஊர் ஈரமும் நீண்ட இறக்கமும் சேர்ந்தால் அந்த வித்தியாசம் பெரிது. ஹைபிரிட்டில் மஞ்சள் நிறத்திலும் ஒரு பிரேக் விளக்கு உண்டு, அது மின்சாரப் பிரேக் பகுதிக்கு. ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், சக்கரம் பூட்டாமல் காக்கும் வசதி இல்லை. அதோடு சிவப்பும் சேர்ந்தால் இறக்கத்தில் ஓட்டவே வேண்டாம்.

தோட்டப் பாதையில் சேற்றில் காரும் இரண்டு நெளிகோடும் போட்ட விளக்கு மின்னினால் பயப்பட வேண்டாம், சக்கரம் வழுக்குவதைக் கட்டுப்படுத்துகிறது என்று அர்த்தம்.

இனி அந்தக் கேமராவும் லேசரும். குறை சொல்வதற்காக எழுதவில்லை, அது செய்கிற வேலை எனக்குப் பிடிக்கும். கொழும்பு நெரிசலில் ஒரு தடவை முன்னால் போன வேன் சட்டென்று நின்றபோது எனக்கு முன்பே கத்தியது. ஆனால் தானாகப் பிடிக்கும் பிரேக் ஏறக்குறைய 10 முதல் 80 கிலோமீற்றர் வேகத்துக்குள் முன்னால் இருக்கும் வாகனத்துக்கானது, என் வண்டியில் இருக்கும் பதிப்பு ஆட்களுக்காகப் பிடிக்காது. கோடு தாண்டினால் எச்சரிப்பது 50-க்கு மேல்தான், எங்கள் வளைவுகளில் அந்த வேகமே வராது. தானாக மாறும் ஹை பீமும் 30-க்கு மேல் போனால்தான் வேலை செய்யும், வளைவுக்கு அப்பால் வருபவரை அது பார்ப்பதற்குள் அவர் கண்ணில் வெளிச்சம் அடித்துவிடும், எனவே மலையில் அதை அணைத்தே வைத்திருக்கிறேன். மிஸ்டிலும் கடும் மழையிலும் லேசரும் கேமராவும் சரியாகப் பார்க்காது, எந்த வண்டியானாலும் இந்த வகைக்கு இதுதான் எல்லை. காலையில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தாலே அதற்கான மஞ்சள் விளக்கு எரிகிறது, டிஃபொக்கரைப் போட்டுக் கொஞ்சம் பொறுத்தால் போய்விடும். கல் பட்டு முன்கண்ணாடியை மாற்றியபோது கேமராவின் கோணத்தைச் சரிபார்க்காமலே வண்டியைத் தந்துவிட்டார்கள், மூன்று வாரம் அந்த விளக்கு அணையவே இல்லை. கண்ணாடி மாற்றுபவர்கள் அந்த வேலையையும் செய்து தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக எயார் பேக் விளக்கு. போன மாதம் மச்சான் ஒரு வண்டி பார்க்க ஹட்டனுக்குக் கூப்பிட்டான், வெளியே பார்த்தால் புதுசு போலவே இருந்தது. பிரேக்கை மிதிக்காமல் பவர் பொத்தானை இரண்டு தடவை அழுத்தச் சொன்னேன். அப்படிச் செய்தால் எஞ்சின் ஓடாமல் மீட்டரில் எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிந்து, ஏ.பி.எஸ்., எயார் பேக் போன்றவை சில விநாடிகளில் தானாக அணைய வேண்டும். மடியில் பந்து வைத்த ஆள் படம் போட்ட அந்த ஒன்று மட்டும் எரியவே இல்லை. அடிபட்டு எயார் பேக் வெடித்த வண்டிகளில், புதிது போடாமல் விளக்கை மட்டும் கழற்றிவிடுவதும், வேறொரு விளக்கோடு சேர்த்து வயர் கொடுப்பதும் உண்டு. ஏன் எரியவில்லை என்று விற்பவரிடம் கேட்டோம், "அது பல்பு போயிருக்கும்" என்றார். ஸ்கேனர் போட்டுப் பார்க்கலாமா என்றதற்கு, இன்னொருவர் முற்பணம் தர வருகிறார், நேரமில்லை என்றார். சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். மச்சான் இன்னும் வண்டி தேடிக்கொண்டுதான் இருக்கிறான்.