ரூபன்ஸின் புனிதர்கள்: வரைவைப் பார்ப்பதா, அச்சைப் பார்ப்பதா?

ஆன்ட்வெர்ப்பின் பிளான்டின் அச்சகம் 1614-இல் வெளியிட்ட ரோமன் செபநூலுக்கு முகப்புப் பக்கம் வரைந்தவர் ஓவியர் பீட்டர் பால் ரூபன்ஸ். திருச்சபையைக் குறிக்கும் உருவம் வீற்றிருக்க, உடன் பேதுருவும் பவுலும். வரைவு பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதைச் செம்புத் தகட்டில் செதுக்கியவர் தியோடோர் காலே. ரூபன்ஸின் முகப்புகளைப் படிக்க விரும்புவோர் எதில் தொடங்குவது?

கை: வரைவில் கோடு ஓவியருடையது, தயக்கமும் திருத்தமும் தெரியும். அச்சில் நாம் பார்ப்பது செதுக்குபவரின் கை. நிழலெல்லாம் ஒழுங்கான கோட்டு வலையாக மாறிவிடும்.

திசை: தகட்டில் அப்படியே பெயர்த்தால் அச்சில் இடம் வலமாகும். ஆசீர்வதிக்கும் வலது கை இடது கையாகிவிடக் கூடாதே! அதை முன்கூட்டியே கணக்கிட்டு வரைந்த ஓவியரின் மூளை வரைவில்தான் பிடிபடும்.

ஆயுள்: வரைவின் மை வெளிச்சத்தில் மங்கும், எனவே நிரந்தரமாக மாட்டி வைப்பதில்லை. அச்சு மை உறுதியானது.

விலை: வரைவு ஒன்றே ஒன்று. அச்சுக்குப் பல பிரதிகள். அந்தக் காலத்திலேயே பெரிய அளவு முகப்பு வரைவுக்கு 20 கில்டர் (அக்கால நாணயம்) கூலி. விடுமுறை நாட்களில் மட்டுமே ரூபன்ஸ் இதை வரைவார் என்றும், வேலை நாளில் கேட்டால் 100 கேட்பார் என்றும் பிளான்டின் அச்சகத்தின் பதிப்பாளர் பல்தசார் மொரேட்டஸ் எழுதியிருக்கிறார். மொரேட்டஸ் ரூபன்ஸின் பள்ளித் தோழர்; அவருக்கே இந்த விலை!

ஓவியம் பயில்பவருக்கு வரைவுதான், சந்தேகமே இல்லை. நூல் வரலாறு படிப்பவருக்கும் சேகரிப்பாளருக்கும் அச்சு போதும்; வாசகர் கண்டதும் அதைத்தான்.