மேற்படிப்பு முடிவை அளக்க: படிவமா, நேரில் பேச்சா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்ததும் ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன் என்று பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புக்குப் போகிறார்கள், சிலர் நேராகச் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஏன்? வழக்கமாகக் கையில் எடுப்பது 1932இல் அமெரிக்க உளவியலாளர் லைக்கர்ட் கொடுத்த அளவுகோல்தான்: "குடும்ப வருமானம் என் முடிவைப் பாதித்தது", 1 (இல்லவே இல்லை) முதல் 5 (முழுக்க ஆம்) வரை வட்டமிடு. இருநூறு பேரிடம் ஒரே நாளில் வாங்கிவிடலாம், அப்பாவின் படிப்பு, பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன், ஆசிரியர் ஊக்கம் என்று எது எதோடு சேர்ந்து போகிறது என்று கணக்கும் பார்க்கலாம். ஆனால் பலர் எல்லாவற்றுக்கும் 3 போட்டுவிட்டு கேண்டீனுக்கு ஓடிவிடுவார்கள் (நானும் அப்படித்தான் செய்தேன்).

நேரில் பேசினால் பத்துப் பேரை முடிக்கவே நாக்கு வறண்டுவிடும், அதை வைத்து ஊருக்கே பொதுவாக எதுவும் சொல்லவும் முடியாது. சரி, ஆனால் பணத்துக்கு 5 போட்ட அதே பெண், தேநீர் ஆறுவதற்குள், "கடன் கிடைக்கும் அண்ணே, அம்மா விடியக்காலையிலேயே செம்பனைக் காட்டுக்கு உதிரிப்பழம் பொறுக்கப் போயிடுறாங்க, தம்பியை யாரு பார்ப்பா?" என்பாள். இது எந்தக் கட்டத்திலும் விழாது. நானாக இருந்தால் முதலில் பத்துப் பேரோடு பேசி, அவர்கள் வாயில் வந்ததை வைத்தே படிவம் தயாரிப்பேன், மலாயில் மட்டும் அச்சடிக்காமல் தமிழிலும்.